பாய் சுருட்டாத சாவு

நெடுங்கரட்டில் இனிமேல் எதுவும் காயப்போவதில்லை என்பது ஊருக்கு உறுதியானது சித்திரை இருபத்தொன்றாம் தேதி. அன்றைக்கு வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. தார் ரோடு இளகி டிராக்டர் சக்கரத்தில் ஒட்டியது, கோயில் மணியைத் தொட்ட பூசாரி கையை உதறிக்கொண்டார், நாய்கள் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்தன. ஆனால் முற்றங்களிலும் மொட்டை மாடிகளிலும் களத்திலும் ஓலைப்பாய்களில் பரப்பிக் கிடந்த கொத்தவரையும் கத்தரியும் பாகலும் வெண்டையும், எட்டு நாள் வெயிலைக் குடித்த பிறகும், அப்போதுதான் அரிவாள்மனையிலிருந்து விழுந்தவை போல வெட்டுவாயில் ஒரு துளி நீர் கோத்து நின்றன. வதங்கவில்லை, கறுக்கவில்லை, அழுகவும் இல்லை.

வற்றலால் பிழைத்த ஊர் அது. கரட்டடியில் ஓர் ஓடை, ஓடைக்கு இந்தப் பக்கம் எழுபத்திரண்டு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு தோட்டம். வெளியூர்க் காய் அங்கே அடுப்பில் ஏறாது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் உருளைக்கிழங்கு வைத்தால்கூட இலையோரம் ஒதுக்கிவிட்டு ரசத்தோடு எழுந்துவிடுவார்கள். தோட்டத்தில் விளைந்ததில் தின்றதும் விற்றதும் போக மீந்ததை அரிந்து, உப்பிட்டு, மிளகாயையும் சுண்டையையும் மோரில் ஊறவைத்து, கோடை வெயிலில் காயப்போட்டுப் பானைகளில் வேடு கட்டி வைப்பார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்து ஓடை மறித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை அதுதான் குழம்பு, அதுதான் வெஞ்சனம். அந்த வருஷம் காய் கொள்ளாமல் காய்த்தது. சந்தையில் கேட்பாரில்லாமல் லாரிகள் வருவதை நிறுத்திக்கொண்டன. ஊர் முழுக்க உட்கார்ந்து அரிந்தது. பாய் போதாமல் சேலையை விரித்தார்கள், சேலை போதாமல் கல்யாணப் பந்தலின் படுதாவை விரித்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால் எல்லா வீட்டுப் பாயும் சுருண்டுவிடும். பரப்பியது பாதி காய்ந்திருந்தாலும் சரி, அப்படியே சுருட்டி வீட்டுக்குள் சாத்திவிட்டு, மூன்றாம் நாள் குழிக்குப் பால் ஊற்றி வந்த பிறகுதான் மறுபடி விரிப்பார்கள். செத்த ஆள் தன் பங்கு வெயிலை எடுத்துக்கொண்டு புறப்பட மூன்று நாள் ஆகும், அதுவரை நடுவில் கைநீட்டக் கூடாது என்பார்கள். அதனால் நெடுங்கரட்டில் யாரும் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. “பாய் சுருட்டியாச்சா?” என்று கேட்பார்கள், “சுருட்டியாச்சு” என்று பதில் வரும், அவ்வளவுதான்.

சித்திரை பதினான்காம் தேதி நடுப்பகலில் செத்தவன் பெயர் இசக்கி. தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிப்பையோடு வந்து, எழுபத்திரண்டு தோட்டத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் கட்டியவன். அந்தக் கோடையில் காய்த்த ஒவ்வொரு பிஞ்சும் அவன் மடை திறந்துவிட்ட தண்ணீரில் பிடித்ததுதான். மோட்டார் அறையில் படுக்கை, நாகஜோதி வீட்டில் மதியச் சோறு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து முதன்முதலாக உண்டாகி ஆறு மாத வயிற்றோடு இருந்த நாகஜோதிதான் அன்றைக்கும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். கத்தரித் தோட்டத்து வாய்க்காலுக்குள் அவன் குப்புறக் கிடந்தான். மடையிலிருந்து வந்த தண்ணீர் அவன் தலைமாட்டில் கொஞ்சம் தயங்கி, இரண்டாகப் பிரிந்து, கால்மாட்டில் சேர்ந்து பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. எல்லார் மனசிலும் இருந்தது ஒரே கேள்வி. பரப்பி ஒரு நாள் ஆன பாய். இப்போது சுருட்டி உள்ளே வைத்தால் மூன்றாம் நாள் பூசணத்தைத்தான் விரிக்க வேண்டும். கேள்வியை எடுத்தவர் நாட்டாண்மை கோட்டைச்சாமி, நாகஜோதிக்குச் சித்தப்பா முறை.

“செத்தது துக்கந்தான். இல்லைங்கல. ஆனா இது ஊர்ச் சாவா? அவனுக்குத் தலைக்கட்டு உண்டா? கோயிலுக்கு வரி குடுத்திருக்கானா?”

“வரி கேட்டா குடுத்திருப்பான், யாரு கேட்டா?” என்றாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பாப்பாத்தி. வாய்க்கொழுப்புக்குப் பெயர் போனவள்.

“ஒன்னயக் கேக்கல. அவன் சாதி என்ன, சனம் என்ன, யாருக்காவது தெரியுமா? முறை வச்சு யாரையாவது கூப்பிட்டிருக்கானா? ஒருத்தருக்கு உறவுன்னாலும் ஊருக்கு உறவுதான், நானே முத ஆளாப் போயி பாயைச் சுருட்டுறேன்.” அவர் நாகஜோதி பக்கம் திரும்பினார். “ஓம் வீட்டுலதான தெனமும் தின்னான். நீ சொல்லு தாயி. ஒன்னய முறை சொல்லிக் கூப்பிட்டானா, பேரு சொல்லிக் கூப்பிட்டானா?”

நாகஜோதியின் முற்றத்தில் பதினான்கு பாய் கிடந்தது. பிரசவம் ஆடியில், ஐப்பசி மழையில் ஓடைக்கு இந்தப் பக்கம் பச்சைப் பிள்ளையோடு சிக்கிக்கொண்டால் தின்பதற்கு அந்தப் பதினான்கு பாய்தான். பதினொரு வருஷமாக விடிந்தால் ஊரே கேட்ட சத்தம் ஒன்று உண்டு: “தங்கச்சி, தண்ணி வந்துட்டு, மம்பட்டிய எடு!” அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அதைக் கேட்டுத்தான் கண் விழித்தவர்கள். ஒவ்வொருவரும் இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு” என்றாள்.

“அப்பச் சரி” என்றார் கோட்டைச்சாமி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

சாயங்காலத்துக்குள் இசக்கியை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஒரு பாயும் சுருளவில்லை. வாய்க்கரிசி போட ஆள் கேட்டபோது நாகஜோதி வீட்டுக்குள் கொத்தவரை அரிந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் காயாமல் போனது.

முதலில் உப்பைக் குறை சொன்னார்கள். பிறகு பாயை, பிறகு மேற்குக் காற்றை. பள்ளிக்கூட வாத்தியார் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து ஒரு பாகல் வளையத்துக்கு அரைமணி நேரம் காட்டினார், மெஷின் புகைந்தது. ஓடையைத் தாண்டி எடுத்துப்போய் வைத்தால் அரைநாளில் சருகாகக் காய்ந்தது, ஆனால் பையில் கட்டித் திரும்பிக் கொண்டுவரும்போது ஓடையின் நடுவிலேயே பை கனக்க ஆரம்பித்து, கரையேறும்போது சொட்டியது. காய் மட்டுமில்லை. கொடியில் போட்ட வேட்டி காயவில்லை, தலைக்குக் குளித்த பெண்களின் கூந்தல் காயவில்லை, தட்டிய வரட்டி சுவரில் வழிந்து இறங்கியது, எழுதிய மை ஓடியது, ரேஷன் கடை மெஷின் ஈர விரலை ஒப்புக்கொள்ளாததால் மெஷினையே ஓடைக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போய் வைத்துக் கைரேகை எடுத்தார்கள். அழுதவர்கள் முகமும் காயவில்லை. காலையில் அழுதது சாயங்காலம் வரை கன்னத்தில் நின்று யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெருவுக்குச் சொன்னதால், அழ வேண்டியவர்கள் ஓடையைத் தாண்டிப் போய் அழுது, துடைத்து, காயவைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ஊர் என்பது எதற்கும் பழகிக்கொள்ளும். ஈர வேட்டியை முறுக்கிக் கட்டிக்கொள்ளப் பழகினார்கள், கால்விரல் இடுக்கில் வந்த சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் வைக்கப் பழகினார்கள், கேலி பேசவும் பழகினார்கள். “இந்த ஊர்ல காய்ஞ்சு கெடக்கிறது எங்க வீட்டு மனுசன் மட்டுந்தான்” என்று பாப்பாத்தி குழாயடியில் சொன்னபோது பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதோடு, ஆனி மாதம் பாதி கழிந்தபோது வேறொன்றும் புரிந்தது. பாயில் கிடந்த காய் கெடவே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அரிந்த வெண்டையை ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டால் பறித்த அன்றைக்கு இருந்த ருசி. மழைக்கும் பயமில்லை, எறும்புக்கும் பயமில்லை. வருஷம் முழுக்கத் தின்னக் காய் முற்றத்தில் கிடக்கிறது, வற்றல் எதற்கு?

“ஒரு கணக்குக்கு இது நல்லதுக்குத்தான் நடந்திருக்கு” என்றார் கோட்டைச்சாமி. மண்வெட்டி பட்டு ஆறாமல் கிடந்த வலது காலைக் கல்லின் மேல் தூக்கி வைத்திருந்தார். இசக்கியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. தடை ஒன்றும் போடவில்லை, எடுப்பதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை.

ஆடி மூன்றாம் தேதி டவுன் ஆஸ்பத்திரியில் நாகஜோதிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. “கொடி ஒரு வாரத்துல காஞ்சு தானா விழுந்துரும், எண்ணெய் கிண்ணெய் எதையும் தடவி வைக்காதீங்க” என்று சொல்லி நர்ஸ் அனுப்பிவைத்தாள். புருஷன் சௌந்தரபாண்டி முன்னால் பையோடு நடக்க, ஓடையைத் தாண்டும்போது நாகஜோதி துணியை விலக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கறுக்க ஆரம்பித்திருந்த தொப்புள்கொடி வெளுத்து, ஊறி, அறுத்த நிமிஷம் போல ஈரமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் அதைச் சுற்றிச் சிவந்தது. பத்தாம் நாள் வாடை வந்தது, பிள்ளைக்கு உடம்பு சுட்டது. டவுனுக்குத் தூக்கி ஓடினார்கள். டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே காய்ந்துவிட்டது. “எதுக்கு வந்தீங்க?” என்று டாக்டர் திட்டினார். திரும்பி வந்தார்கள், சீழ் வைத்தது. மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள். மூன்றாம் தடவை அங்கேயே ஒரு வாரம் தங்கிக் கொடி உதிர்ந்துவிழுந்த பிறகுதான் வந்தார்கள். ஓடையின் இந்தக் கரையில் கால் வைத்ததும் உதிர்ந்த இடம் பிறந்த அன்றைய ஈரத்தோடு திறந்துகொண்டது.

நாகஜோதி கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனாள். பிள்ளையை அவர் மனைவி பக்கத்தில் கிடத்திவிட்டு நேராகச் சொன்னாள்: “சித்தப்பா, அன்னைக்கு நான் சொன்னது பொய். தங்கச்சின்னுதான் கூப்பிட்டாரு.”

“தெரியும்” என்றார் அவர்.

“அப்ப மூணு நாளைக்குப் பாயைச் சுருட்டச் சொல்லுங்க. ஊரே போயிப் பால் ஊத்திட்டு வருவோம்.”

“சுருட்டுனா, அன்னைக்குச் சுருட்டாதது தப்புன்னு ஆயிரும்ல. எழுபத்திரண்டு தலைக்கட்டும் தப்புப் பண்ணுச்சுன்னு நான் ஒருத்தன் எப்படிச் சொல்ல? அது போக, சுருட்டி விரிக்கையில எல்லாம் அழுகிப் போச்சுன்னா? ஒரு பிள்ளைக்காக ஊரு பட்டினி கெடக்கணுமா?” கொஞ்சம் இறங்கி, “பிள்ளைய அக்கரையில எங்கயாச்சும் வச்சு வளத்துக்க தாயி. நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்து போங்க” என்றார்.

“அக்கரையில எனக்கு யாரு இருக்கா? பெறந்ததும் இங்கதான், வாக்கப்பட்டதும் இங்கதான்.”

கோட்டைச்சாமி காலில் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

மறுநாள் காலையில் தெருவே பார்த்திருக்க நாகஜோதி தன் முற்றத்துப் பதினான்கு பாயையும் ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். பிரசவித்த உடம்பு, நாலு பாய்க்கு ஒரு தடவை தூணில் சாய்ந்துகொண்டாள். சௌந்தரபாண்டி கைகட்டி நின்றான். உதவி செய்தால் ஊர் பார்க்கும், தடுத்தால் பிள்ளை பார்க்கும். “யாருக்குப் பாய் சுருட்டியாச்சு?” என்று தெருவில் யாரோ தெரியாதது போலக் கேட்டார்கள். “எங்க அண்ணனுக்கு” என்று நாகஜோதி வாசலிலிருந்து சொன்னாள். மூன்றாம் நாள் செம்பில் பால் எடுத்துக்கொண்டு தனியாக ஓடையைத் தாண்டிப் போய், நெருஞ்சி படர்ந்து கிடந்த குழியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

பாயை விரித்தபோது உள்ளே இருந்த கொத்தவரை சலசலத்தது. ஊர் பயந்த பூசணம் ஒரு புள்ளி இல்லை. வாசம் மாறாத, உடைத்தால் நொறுங்குகிற வற்றல். கொடியில் கிடந்த சேலை கஞ்சி போட்டதுபோல விறைத்தது. பிள்ளையின் தொப்புள் காய்ந்து, சுருங்கி, மூடிக்கொண்டது. நாகஜோதி மடியில் போட்டுக்கொண்டு மார்பைக் கொடுத்தாள். பிள்ளை உறிஞ்சியது, விட்டது, மறுபடி உறிஞ்சியது, அலறியது.

பாலும் வற்றியிருந்தது.

அந்த வீட்டில் இப்போது எல்லாம் காய்ந்தது. குடத்துத் தண்ணீர் உச்சிக்குள் அரைக்குடமானது. டவுனிலிருந்து வாங்கிவந்து கரைத்த பால்மாவு புகட்டும் சங்கிலேயே பொருக்காகப் படிந்தது. ஊரின் மாடு கறந்த பால் மட்டும், தரையில் சிந்தாமல் இருந்தால், பிள்ளையின் வாய்க்குப் போகும்வரை பாலாக நின்றது. ஊரோ பால் தரவில்லை. “ஓம் வீடு காயுதுன்னா நீ வெளியூரு” என்று கடைக்காரர் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விலை சொல்வதுபோலச் சொன்னார்.

ஆனால் காய்கிற முற்றம் ஊருக்கும் தேவைப்பட்டது. முதலில் வந்தவள் பாப்பாத்தி, தன் பேத்தியின் தலைப்புண்ணோடும் ஒரு செம்பு பாலோடும். நாகஜோதி வாசலை மறித்து நின்றாள். மூன்று மாதமாகச் சேர்ந்தது ஒரே கேள்வியாக வந்தது.

“உள்ள வாங்க மதினி. எங்கண்ணன் இசக்கி உங்களுக்கு என்ன முறை?”

பாப்பாத்தி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். “கொழுந்தன் முறை. கட்டிக்கிற முறைதான், கருமம், அவன்தான் என்னய ஏறெடுத்தும் பாக்கல” என்றாள். சிரிக்க நினைத்தாள், முடியவில்லை. பேத்தியின் புண் அரைமணியில் காய்ந்தது. நாகஜோதியின் பிள்ளை அன்றைக்கு வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. சாயங்காலமே கோட்டைச்சாமி ஆள் விட்டார்: அந்த வாசலில் நின்று முறை சொல்கிறவர்கள் தலைக்கட்டு இழந்து வெளியூராவார்கள். பாப்பாத்தி மறுநாள் வரவில்லை. பிறகு வந்தவர்கள் செம்போடு வருவார்கள், நாகஜோதியின் கேள்வியைக் கேட்பார்கள், செம்போடு திரும்புவார்கள். இரண்டு நாள் பிள்ளை சர்க்கரைத் தண்ணீரை நக்கியது. அதுவும் உதட்டில் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகக் காய்ந்தது.

“கேக்காம விட்டிரு” என்றான் சௌந்தரபாண்டி. “செத்தவருக்கு இனி என்ன ஆகப்போகுது? பிள்ளையப் பாரு.”

“பிள்ளையப் பாத்துத்தான் மொத தடவை பொய் சொன்னேன்” என்றாள் அவள்.

மூன்றாம் நாள் வந்தவள் கோட்டைச்சாமியின் மனைவி வேலம்மா. இடுப்பில் ஒரு குடம் பால். பிள்ளை வயிறு நிறையக் குடித்தாலும் மீந்துபோகும். பின்னால், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை நீலம் பாரித்த காலோடு கோட்டைச்சாமி தெருமுனையில் நின்றார். ஆஸ்பத்திரியில் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் அழுகையாக இல்லை, கதவு கிறீச்சிடுவதுபோல இருந்தது.

“பால வாங்கிக்க தாயி” என்றாள் வேலம்மா. “சித்தப்பா செத்த நேரம் வெயில்ல உக்காந்துட்டுப் போகட்டும்.”

நாகஜோதி குடத்தைப் பார்த்தாள். அவள் கை தானாக நீண்டது. பிறகு அந்தக் கையால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு அண்ணன்னா உங்களுக்கு என்ன முறை சித்தி?”

அது கணக்குப் போட வேண்டிய முறையே இல்லை. மகளுக்கு அண்ணன் மகன்தான். மகன் செத்தால் தகப்பன் மொட்டை போட வேண்டும், கொள்ளிக்குடம் உடைக்க வேண்டும், ஊர்ப் பாய் முழுக்கச் சுருள வேண்டும். வேலம்மாவின் வாய் திறந்தது. ‘ம’ என்று உதடு சேர்ந்ததை நாகஜோதி பார்த்தாள். வேலம்மா திரும்பித் தெருமுனையில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை, வேறு பக்கம் பார்த்தார்.

வேலம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, வாசலில் அப்படியே சாய்த்துக் கவிழ்த்தாள். பால் ஓடி வந்து நாகஜோதியின் கால்விரலைத் தொடும்முன் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்து நின்றது.

அன்றைக்குப் பதினொரு மணி பஸ்ஸில் நாகஜோதி பிள்ளையோடு டவுனுக்குப் போய்விட்டாள். தோட்டத்தை விட்டு வர முடியாது என்று சௌந்தரபாண்டி ஓடைவரை வந்து நின்றுகொண்டான்.

காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஓர் அறை கிடைத்தது. விடிவதற்குள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிற முட்டைக்கோசையும் பீட்ரூட்டையும் தரம் பிரித்துப் போட்டாள். மிஞ்சியதைக் கூலியோடு எடுத்துக்கொண்டு வந்து சமைத்தாள், எந்த ஊர்க் காய் என்று கேட்கவில்லை. மார்பில் பால் ஊறவில்லை. பாக்கெட் பாலில் பிள்ளை மெல்லத் தேறி, ஆவணிக் கடைசியில் முகம் பார்த்துச் சிரித்தது.

சௌந்தரபாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். அந்த வாரம் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு மழை, மடை, மோட்டார் என்று பேசிக்கொண்டிருந்தான். அவன் சட்டை நன்றாகக் காய்ந்து மொடமொடப்பாக இருந்ததை அவள் கவனித்தாள்.

“சித்தப்பா கால் எப்படி இருக்கு?”

“ஆறிருச்சு. நடக்காரு.”

“ஆஸ்பத்திரியிலயா?”

அவன் பிள்ளையின் விரலைப் பிரித்துப் பிரித்து மூடினான். “நம்ம முத்தத்துலதான். நீ வந்த மறுநாளே வந்துட்டாக. இப்ப எல்லாரும் வாராக. துணி, வரட்டி, புண்ணு, எல்லாம் அங்கதான் காயுது. களம் மாதிரி ஆயிருச்சு நம்ம வீடு.”

“யாரும் எதுவும் சொன்னாகளா?”

“என்னத்தச் சொல்ல? கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லையே” என்றான். பிறகு, எதையும் மறைத்ததாக ஆகிவிடக் கூடாது என்று யோசித்து, “சித்தப்பா மட்டும் சொன்னாரு. காலை நீட்டி உக்காந்துட்டு, ‘மாப்பிள, ஓம் வீட்டுல வெயிலு நல்லா விழுதுப்பா’ன்னாரு” என்றான்.